ஒருபோதும் ஏமாறாத நார்பர்ட்

கேரள எல்லைப்பக்கம் அமரவிளையில் லாரிகளை நிறுத்தி வரி பார்க்கிற வேலை ஒழிந்துபோன பிறகு, பழைய சாவடிக் கட்டடம் ஒன்றில் கொஞ்ச காலம் ஆடுகள் படுத்திருந்தன. ஆடுகளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஆடுகளை விரட்டிவிட்டு, சுவருக்கு நீலம் அடித்து, 'எல்லைப்புற இணையக் குற்றத் தடுப்பு மற்றும் விழிப்புணர்வு மையம்' என்று பலகை மாட்டினார்கள். பலகையின் நீளம் காரணமாக அதை ஒட்டியிருக்கிற என் ரீசார்ஜ் கடையின் பெயர் மறைந்துபோயிற்று. போய்க் கேட்டதற்கு, "இணையப் பாதுகாப்பு முக்கியமா, ஒம்ம கடை முக்கியமா?" என்றார்கள். என் பெயர் ஜெயதாஸ். எனக்குக் கடைதான் முக்கியம்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. லாரியைத் தடுக்க சாலைக்குக் குறுக்கே ஏற்றி இறக்கும் பழைய கம்பு ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கும் சிவப்பு வெள்ளை பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். மையத்தின் தலைமை அலுவலர் அனந்தகிருஷ்ணன், சமஸ்தானக் காலத்தில் தாத்தா கணக்கெழுதிய பெருமையை மூக்கின் மேலேயே வைத்திருக்கிறவர். மேடையில் செந்தமிழ், நாற்காலியில் மலையாளம் கலந்த தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். அன்றைக்கு மேடை என்பதால் செந்தமிழ்.

"அன்று இந்தக் கம்பு வரி கட்டாத கோழியைத் தடுத்தது. இன்று வழி தவறிய தகவலைத் தடுக்கும். இணையக் குற்றவாளி எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் சரி, இந்தச் சாலை வழியாகத்தானே வரவேண்டும்?" என்று கேட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

என் அக்கா ப்ளோரன்ஸின் புருஷன் நார்பர்ட் அந்த விழாவுக்குப் போகவேண்டும் என்று கனவிலும் நினைத்தவனல்ல. அவனுக்கு வீடு கோட்டுகாலில். விழிஞ்ஞத்தில் மீன் எடுத்து, பெட்டி ஆட்டோவில் ஐஸ் போட்டு, பனச்சமூடு சந்தையில் விற்கிற ஆள். ரிப்பன் வெட்டுவதற்காகக் கம்பை இறக்கி வைத்ததில் அவன் ஆட்டோ மாட்டிக்கொண்டது. காலி நாற்காலிகளை நிரப்ப ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், ஐஸ் உருக உருக அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். வாசலில் பெயரும் போன் நம்பரும் வாங்கினார்கள். எல்லோரும் கையை நீட்டி, "என் ஓ.டி.பி.யை என் உயிரைப்போல் காப்பேன்" என்று உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு வந்திருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அதற்கான வழியையும் வாசலில் ஒட்டி வைத்தார்கள்.

கள்ளனும் சேர்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, கள்ளனுக்கு இத்தனை வசதியை வேறு யாரும் செய்து கொடுத்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை நார்பர்ட் சந்தையில் மத்தி விற்றுக்கொண்டிருந்தான். மீன்காரன் கை எப்போதும் ஈரமும் செதிலுமாக இருக்கும் என்பதால் அவன் போன் ஒரு பிளாஸ்டிக் உறையில் கழுத்திலிருந்து தொங்கும். மீன் வாங்க வருகிறவர்களே அதைத் தட்டுவார்கள், பார்ப்பார்கள், அழைப்பு வந்தால் அவன் காதில் வைத்துப் பிடிப்பார்கள். பனச்சமூட்டில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அன்றைக்கு மையத்தின் சின்னம் போட்ட ஒரு செய்தி வந்தது. 'உறுதிமொழி எடுத்த தங்களுக்குச் சான்றிதழ் தயார். இப்போது வரும் ஆறு இலக்கச் சான்றிதழ் எண்ணை அனுப்பவும்.' மத்தி வாங்க வந்த டீச்சர் ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்து, எண்ணையும் தட்டி அனுப்பி, "பரவாயில்லியே, மீன் விக்கிற ஆளுக்குச் சர்ட்டிபிக்கேட்டெல்லாம் வருது" என்று பாராட்டிவிட்டு, கூட இரண்டு மத்தி போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த எண் அவன் வாட்ஸ்அப்பைத் திறக்கிற ஓ.டி.பி.; அத்தோடு நார்பர்ட்டின் வாட்ஸ்அப் அவன் கையைவிட்டுப் போயிற்று. சாயங்காலம் என் கடைக்குக் கொண்டு வந்தான். திரும்ப எடுக்கப் பார்த்தேன். கள்ளன் ரகசிய எண் போட்டுப் பூட்டியிருந்தான். பூட்டு தானாகக் கழல ஏழு நாள் ஆகும், அதாவது அடுத்த திங்கள்.

"போனா போவுது அளியா, எனக்கு வாட்ஸ்அப்பு எதுக்கு?" என்றான் நார்பர்ட். மச்சினனான என்னை அவன் அளியா என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது என் போனில், அவன் மகள் லிஷாவின் கல்யாணக் குழுவில் செய்தி வந்து விழுந்தது. லிஷா நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை லிண்டோவுக்கு ஊர் தமிழ்நாட்டுப் பக்கம், தூத்தூர். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண், பையன் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று இரண்டு ஊர் மாதா கோவிலிலும் கேட்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வருகிற ஞாயிறு. குழுவில் இரண்டு வீட்டு மனிதர்களும் உண்டு. அத்தனை பேருக்கும் முன்னால், நார்பர்ட்டின் பெயரில், மாப்பிள்ளையின் அப்பா வில்பிரட்டுக்குக் கள்ளன் எழுதியிருந்தான்:

'மாண்புமிகு சம்பந்தி அவர்களே, வணக்கம். எனது நிதிநிலை அகால வீழ்ச்சி அடைந்துள்ளது. பெண்ணைப் பெற்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன். தங்களால் இயன்ற பெருந்தொகையைத் தாமதமின்றி அனுப்பவும்.'

வில்பிரட் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறவர். ஸ்திரீதனம் ஒரு பைசா வேண்டாம் என்று சொல்லி, அதை ஊர் முழுக்கத் தானே சொல்லிக்கொண்டு நடந்தவர். அவருக்கு இது போதாதா? நார்பர்ட் போன் செய்து விளக்கியபோது அவர் கத்தியது என் கடைக்கு வெளியே கேட்டது.

"ஓய், நான் ஒம்மகிட்ட கேக்கல்ல, நீரு எனக்ககிட்ட கேக்கியரா? கேக்கவும் செஞ்சிட்டு, கள்ளன் கேட்டான்னு பறயியரு! எனக்க மச்சினன் ஒருத்தன் இப்பிடித்தான், ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு ஹேக்கு ஹேக்குன்னான். எனக்குச் சீல் வச்ச பேப்பரு வேணும். ஒம்மள ஏமாத்தினாங்கன்னு சர்க்காரு எழுதித் தரட்டும். இல்லேன்னா ஞாயிற்றுக்கிழம மூணாம் ஓலைக்கு நானே எந்திச்சு தடை உண்டுன்னு சொல்லுவேன்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். லிஷா கல்யாணப் புடவையை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனாள். 

செவ்வாய்க்கிழமை நானும் நார்பர்ட்டும் மையத்துக்குப் போனோம். உள்ளே இரண்டு மேசை. ஒன்று விழிப்புணர்வுப் பிரிவு; அதில் ஸ்ரீகலா மேடம், பக்கத்தில் போட்டோ எடுக்கிற வெளிச்ச விளக்கு. மற்றது புகார்ப் பிரிவு, அதில் அனந்தகிருஷ்ணன்.

"புகார் தருவது ரொம்ப எளுப்பம். உங்க வாட்ஸ்அப்பில இருந்து எங்க நம்பருக்கு ஒரு வணக்கம் அனுப்பணும். அவ்வளவுதான்."

"சாறே, அந்த வாட்ஸ்அப்புதான் போச்சு."

"போனதுக்கு ஆதாரம் உண்டா?"

"உண்டு சாறே."

"அப்ப அதை அந்த வாட்ஸ்அப்பில இருந்து அனுப்புங்க."

நான் குறுக்கே புகுந்து சத்தம் போட்ட பிறகு, வேறு வழி உண்டு என்று ஒத்துக்கொண்டார். நார்பர்ட்டின் நம்பரைத் தட்டினார். அவன் போனில் எண் வந்து விழுந்தது.

"அந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்க."

நார்பர்ட் வாயைத் திறந்தான். அனந்தகிருஷ்ணனின் தலைக்குப் பின்னால், சுவர் முழுக்க எழுதியிருந்தது: 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர். அதிகாரியே கேட்டாலும் சொல்லாதீர்.' அவன் வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க மனுஷா!"

"இல்ல சாறே. நான் உறுதிமொழி எடுத்த ஆளாக்கும். ஒருக்கா பட்டது போதும்."

"நான்தானே ஐயா உறுதிமொழி எடுக்க வைச்சேன்!"

"அதனாலதான் சாறே சொல்லமாட்டேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஸ்ரீகலா மேடம் துள்ளி எழுந்து வந்தார். "இதுதான் சார் விழிப்புணர்வு! இவரைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்!" என்று விளக்கைத் திருப்பி நார்பர்ட்டைப் போட்டோ எடுத்தார். சிரிக்கச் சொன்னார். அவன் சிரித்து முடிப்பதற்குள் எண் காலாவதியாயிற்று. இரண்டாவது எண், பக்கவாட்டுப் போட்டோ எடுக்கும்போது காலாவதியாயிற்று. மூன்றாவதும் போனதும் இயந்திரம் பூட்டிக்கொண்டது. மறுநாள் முழுக்கத் திறக்காது என்றார்கள்.

"கள்ளன் பூட்டினா ஏழு நாளு, சர்க்காரு பூட்டினா ஒரு நாளு. பரவாயில்ல அளியா" என்றான் நார்பர்ட். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை, நான் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, அவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைச் சொன்னான். அனந்தகிருஷ்ணன் இரண்டு வரி தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சம்பவம் எங்க நடந்தது?"

"பனச்சமூட்டில."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பனச்சமூட்டில் கடைக்குக் கடை மாநிலம் மாறும், கடைக்குள்ளேயே டவர் மாறும். கேரளத்தில் நின்று பேசத் தொடங்கி, தமிழ்நாட்டில் போனை வைத்துவிடலாம். சம்பவ இடத்தைப் பார்க்காமல் ஒரு அடி நகரமாட்டேன் என்று ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

சந்தையில் நார்பர்ட்டை மீன்பெட்டியோடு அதே இடத்தில் நிற்க வைத்தார்கள். சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். கழுத்தில் தொங்கும் போனை அனந்தகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். கேரள டவர். கொஞ்சம் முன்னால் நகரச் சொன்னார். தமிழ்நாட்டு டவர்.

"எண் அனுப்பும்போது எந்தக் காலில பாரம் போட்டு நின்னீங்க?"

"சாறே, நான் தராசில மத்தி நிறுத்துட்டிருந்தேன். தட்டினது டீச்சராக்கும்."

"அப்ப டீச்சர் எங்க நின்னாங்க?"

"தமிழ்நாட்டில."

"போன்?"

"எனக்க கழுத்தில."

"கழுத்து?"

"முன்னால குனிஞ்சிருந்தது சாறே. டீச்சர் பிடிச்சு இழுத்ததில."

சந்தையே கூடிவிட்டது. "எலே, நார்பர்ட்ட பிடிச்சிட்டானுவ" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் அவனிடம் வாங்கிய மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாட்சிப் பொருளாகக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அனந்தகிருஷ்ணன். டிரைவர் விலை கூடிய நெய்மீனை எடுத்தான்.

"சம்பவத்தன்னைக்கு மத்தியாக்கும் சாறே."

"நெய்மீனும் பெட்டியில இருந்துதா இல்லியா?"

"இருந்துது."

"அப்ப அதுவும் பார்த்திருக்கும்" என்று டிரைவர் பையில் போட்டுக்கொண்டான்.

ஜீப்பில் ஏறும்போது தலைமை அலுவலர் தீர்ப்புச் சொன்னார். "ஆறு இலக்கத்தில முதல் மூணு நம்ம டவரிலயும், பின் மூணு அவங்க டவரிலயும் போயிருக்கத்தான் சாத்தியம். ஆகவே பாதிக் குற்றம்தான் எங்க பொறுப்பு. பாதிக் குற்றத்துக்கு எங்ககிட்ட படிவம் இல்லை. மேலிடத்துக்கு எழுதுறேன். வீடியோ காலில் விசாரிப்பாங்க, தயாரா இருங்க."

வெள்ளிக்கிழமை வீடியோ கால் வந்தது. வாட்ஸ்அப் இல்லாத ஆளுக்கு அழைப்பு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். என் கடை நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். திரையில் சட்டையில் அட்டை குத்திய ஒருவர். பின்னால் தேசியக்கொடி. "மிஸ்டர் நார்பர்ட், கேமராவைவிட்டு நகரக்கூடாது" என்றார் கரகரத்த குரலில். திறப்பு விழாவில் வடையோடு கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இந்தப் படமேதான் இருந்தது: அட்டை, கொடி, 'நகரக்கூடாது'. கீழே, 'இப்படி அழைப்பவன் கள்ளன், உடனே துண்டிக்கவும்' என்று இருந்தது. நார்பர்ட் பதறிப்போய்த் துண்டித்தான். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தான். மூன்றாவது தடவை, "போலே கள்ளப்பயலே!" என்று சொல்லிவிட்டே துண்டித்தான்.

அது நிஜமான மேலிடம். புகார்ப் பிரிவிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: 'புகார்தாரர் ஒத்துழைக்காததால் கோப்பு முடிக்கப்படுகிறது.' அதே நேரத்தில் விழிப்புணர்வுப் பிரிவிலிருந்தும் ஒன்று வந்தது: 'அழைப்பைத் துண்டித்த திரு நார்பர்ட்டுக்கு நாளை காலை பாராட்டு விழா. சான்றிதழ் வழங்கப்படும்.'

"இவனுவளுக்க விழாவுல இடி விழ! மனுஷன் சாவக் கெடக்கான், இவனுவளுக்குப் பாராட்டு விழா கேக்குது" என்று கத்தினாள் அக்கா. எனக்குத்தான் சட்டென்று தோன்றியது. "அக்கா, பொறு. வில்பிரட் என்ன கேட்டாரு? சீல் வச்ச பேப்பரு. இதுல சீல் உண்டு."

சனிக்கிழமை காலை, அதே கம்புக்குப் பக்கத்தில் மேடை. அனந்தகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

"பெருமக்களே! மையம் தொடங்கி ஒரு வாரம். இந்த ஒரு வாரத்தில் இங்கே ஒரு குற்றம்கூடப் பதிவாகவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் புகாரோடு வந்தார்கள். அத்தனை பேரையும் தடுத்திருக்கிறோம். இதற்குப் பெயர்தான் தடுப்பு. எங்கள் பதிவு முறை அவ்வளவு பாதுகாப்பானது. பாதிக்கப்பட்டவராலேயே உள்ளே நுழைய முடியவில்லை என்றால், குற்றவாளியால் எப்படி நுழைய முடியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். வடை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நார்பர்ட் மேடையேறி, சான்றிதழை வாங்கி, மைக் இருப்பது தெரியாமல், "சாறே, எனக்க புகாரு?" என்று கேட்டான்.

"பாருங்கள்! மேடையில்கூட விழிப்போடு கேள்வி கேட்கிறார்!" என்றார் அனந்தகிருஷ்ணன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஸ்ரீகலா மேடம் அந்தப் போட்டோவை அந்தக் கணமே எழுநூறு பேர் குழுவில் போட்டார்.

நாங்கள் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு நேரே தூத்தூருக்கு ஆட்டோவை விட்டோம். வழியில் நான் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவேண்டும். சீலைப் பார்த்த சந்தோஷத்தில் எழுத்தைப் பார்க்கவில்லை.

வில்பிரட் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சாயா கொடுத்தார்கள். நார்பர்ட் கழுத்துப் போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தான்.  வில்பிரட் கண்ணாடி போட்டுச் சான்றிதழை வாசித்தார்.

"'இணையக் குற்றத்துக்கு ஒருபோதும் இரையாகாதவரும், எந்நாளும் எவரிடமும் தம் ரகசிய எண்ணைப் பகிராதவருமான திரு நார்பர்ட் அவர்களுக்கு...'" அவர் நிறுத்தினார். "ஒருபோதும் இரையாகாதவரா? அப்ப ஒம்மள ஆரும் ஏமாத்தல்ல. சர்க்காரே சீல் வச்சுத் தந்திருக்கு. அப்ப எனக்ககிட்ட கேட்டது நீரேதான்!"

நார்பர்ட் என்னைப் பார்த்தான். நான் சீலைப் பார்த்தேன். அப்படி ஒரு வட்டமான, கறுப்பான, அழகான சீல். அதை எச்சில் தொட்டு அழிக்கமுடியுமா என்றுதான் எனக்கு அப்போது ஓடியது. உள்ளறையில் நின்றுகொண்டிருந்த லிண்டோ தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஆறு எண் தட்டி ஒருத்தன் உடைக்கப் பார்த்தான். மிச்சத்தை உடைக்கிற காகிதத்தை நான் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

வில்பிரட்டின் போன் கிணிங்கென்றது.

எடுத்துப் பார்த்தார். கல்யாணக் குழு. காலையில் எடுத்த மேடைப் போட்டோ. நார்பர்ட் பல்லைக் காட்டிச் சான்றிதழ் வாங்குகிறான். கீழே, நார்பர்ட்டின் பெயரில்:

'மாண்புமிகு சம்பந்தி அவர்களே, அரசே எனது நேர்மையைப் பாராட்டிவிட்டது. இனியும் தாமதம் ஏன்? தொகையை இன்றே அனுப்பி மகிழ்விக்கவும்.'

வில்பிரட் போனைப் பார்த்தார். நார்பர்ட்டைப் பார்த்தார். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார்.

"ஓய், நீரு இப்பம் எனக்க முன்னால இருந்து சாயா குடிக்கியரு."

"ஆமா."

"ஒமக்க போனு மேசையில கெடக்கு."

"கெடக்கு."

"அப்ப இது ஆரு?"

"அதத்தான சம்பந்தி நான் திங்கக்கிழமையில இருந்து பறஞ்சிட்டிருக்கேன்!" என்றான் நார்பர்ட். அந்த ஒரு வாரத்தில் அவன் அழுதது அப்போதுதான்.

வில்பிரட் செய்தியை முதலிலிருந்து உரக்க வாசித்தார். "மாண்புமிகு சம்பந்தி அவர்களே..." வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்துவிட்டது. "எலே, எனக்குப் புத்தி எங்க போச்சு? இந்த மரியாதையில எழுத நம்ம கடப்புறத்தில ஆரு ஆளு உண்டு?" என்று நார்பர்ட்டின் தோளைப் பிடித்துக்கொண்டார். சான்றிதழை மடித்துச் சாயா கிளாசுக்கு அடியில் வைத்தார். லிண்டோ வெளியே ஓடினான், லிஷாவுக்குப் போன் போட.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோவிலிலும் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டார்கள். எங்கள் கோவிலில் குழந்தை ஒன்று இருமியது, வேறு சத்தமில்லை. தூத்தூரில் வில்பிரட் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாராம். பூசை முடிந்து வெளியே வந்தால், மையத்தின் குழுவில் அறிவிப்பு: 'எங்கள் துரித நடவடிக்கையால் ஓர் ஏழைப் பெண்ணின் திருமணம் காப்பாற்றப்பட்டது.' அதற்குக் கீழே நார்பர்ட்டின் எண்ணிலிருந்து கைகூப்பி நன்றி. கள்ளன் போட்டது. அதற்கு ஸ்ரீகலா மேடத்தின் சிவப்பு இதயம்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே காறித் துப்பினாள். அப்புறம் சொன்னாள்: "எலே ஜெயதாசு, அந்தக் கள்ளனுக்கும் ஒரு கல்யாணக் கார்டு அனுப்பு. இந்த ஒரு வாரத்தில நேரத்துக்கு வேல பாத்தவன் அவன் ஒருத்தனாக்கும்."

கள்ளன் போட்ட பூட்டு கழல இன்னும் ஒரு நாள் இருந்தது. கார்டைப் போட்டோ எடுத்து என் போனிலிருந்து இரண்டு பேருக்கு அனுப்பினேன், மையத்துக்கும், நார்பர்ட்டின் நம்பரில் இருக்கிற கள்ளனுக்கும்.

மையத்திலிருந்து பதில்: 'தங்கள் அழைப்பு பெறப்பட்டது. உறுதிசெய்ய ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம். அதை யாரிடமும் சொல்லாமல் எங்களிடம் சொல்லவும்.'

கள்ளனுடைய பதில் அதற்கும் முன்னாலேயே வந்து கிடந்தது.

'மாண்புமிகு ஐயா, மிக்க மகிழ்ச்சி. குடும்பத்தோடு அவசியம் வருகிறேன். பயணச் செலவை மட்டும் இன்றே அனுப்பவும்.'